பட்டிக்குக் கீழே இருப்பதையும் இறைவன் அறிவான்

நம் ஊர்களின் தெருக்களில் பழைய மாருதி 800 கார்கள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. 1983ஆம் ஆண்டின் இறுதியில் விற்பனைக்கு வந்த அந்த வண்டியின் உற்பத்தி 2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நின்றுபோனது. சாலையில் நாம் காணும் அவ்வண்டிகளில் மிக இளையதும் பத்தாண்டுகளைக் கடந்துவிட்டது. எனினும் நிக்காஹ் வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் மதரஸாவுக்கும் குடும்பங்களைச் சுமந்து செல்வது பல இல்லங்களில் இத்தகைய பழைய வண்டிகளே. அவற்றை வைத்திருப்பது குறைவான செயலன்று. உள்ளதைப் பேணிப் பயன்படுத்துவது நம் மார்க்கம் விரும்பும் பண்பு. நபி (ஸல்) அவர்கள் தம் செருப்பைத் தாமே செப்பனிட்டார்கள், தம் ஆடையைத் தாமே தைத்துக்கொண்டார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள்.

பழைய காருக்கு நேரும் சேதங்களில் மிகச் சாதாரணமானது பின்பக்க இடி. சிக்னலில் நிற்கும்போது பின்னால் வந்தவர் மோதுகிறார். வேகத்தடைக்கு முன்னால் வேகத்தைக் குறைக்கும்போது ஒருவர் வந்து முட்டுகிறார். ஜும்ஆ தொழுகை முடிந்து எல்லோரும் ஒரே நேரத்தில் வண்டியை எடுக்கும்போது யாரோ பின்னோக்கி வந்து இடித்துவிடுகிறார். பம்பர் உடைகிறது, டிக்கி நெளிகிறது, பின்விளக்கு சிதறுகிறது. இதில் மார்க்கம் எங்கே வருகிறது என்று சிலர் கேட்கலாம். இடித்தவர், இடிபட்டவர், பட்டறைக்காரர், நாளை அந்த வண்டியை விற்பவர் ஆகிய நால்வரின் அமானிதத்தையும் இந்த ஒரு நெளிவு சோதிக்கிறது என்பது நம் கருத்து. நால்வரில் ஒருவர் தவறினாலும் அதன் விலையைச் செலுத்துவது பெரும்பாலும் இவர்களில் எவரும் அல்லர். அந்த வண்டியின் பின் இருக்கையில் அமரும் ஐந்தாவது மனிதரே அதைச் செலுத்துகிறார். அவர் பெரும்பாலும் ஒரு குழந்தை.

இடித்தவரின் கடமை

நபி (ஸல்) அவர்கள் தம் மனைவியருள் ஒருவரின் இல்லத்தில் இருந்தபோது, மற்றொரு மனைவி ஒரு பாத்திரத்தில் உணவு அனுப்பினார். வீட்டிலிருந்தவர் ரோஷத்தால் அதைத் தட்டிவிட, பாத்திரம் உடைந்தது. நபியவர்கள் சிதறிய உணவைத் தாமே சேகரித்தார்கள். பிறகு உடைத்தவரின் வீட்டிலிருந்து ஒரு முழுப் பாத்திரத்தை வாங்கி, அதை அனுப்பியவருக்குக் கொடுத்தார்கள். உடைந்ததை உடைத்தவரின் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். அனஸ் (ரலி) அறிவிக்கும் இந்நிகழ்ச்சி புகாரியில் இடம்பெற்றுள்ளது.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, உடைத்தவரை நபியவர்கள் அவமானப்படுத்தவில்லை. இரண்டாவது, அதற்காக இழப்பீட்டை விட்டுவிடவும் இல்லை. கண்ணியமும் கணக்கும் ஒன்றாகவே சென்றன. நம்மிடையே இவ்விரண்டும் தலைகீழாகிவிட்டன. நடுத்தெருவில் இறங்கித் தாயையும் தந்தையையும் இழுத்துப் பேசுகிறோம். அதன் பின் பணம் பற்றிய பேச்சு வந்தவுடன், 'நாமெல்லாம் ஒரே சமுதாயம், விட்டுக்கொடுத்துப் போங்கள் பாய்' என்கிறோம்.

மன்னிப்பது உயர்ந்த பண்பு. தீமைக்கு அதற்கு நிகரானதே கூலி என்றும், மன்னித்துச் சமாதானம் செய்துகொள்பவரின் நற்கூலி அல்லாஹ்விடம் இருக்கிறது என்றும் குர்ஆன் (42:40) உணர்த்துகிறது. ஆனால் அந்த உயர்வு இழந்தவருக்கு உரியது. இழப்பை உண்டாக்கியவர் அதைக் கேட்டு வாங்குவதற்கு உரிமை இல்லை. ஜமாஅத் பெரியவர் ஒருவரை அழைத்து வந்து நிறுத்தி, நாலு பேர் பார்க்க, 'மாஃப் செய்துவிட்டேன்' என்று ஒருவரைச் சொல்ல வைப்பது மன்னிப்பாகாது. கூச்சத்தால் பறிக்கப்பட்ட பொருள் மனமுவந்து தரப்பட்ட பொருளாகிவிடாது. எட்டாயிரம் ரூபாய்ச் செலவு என்பது இடித்தவரின் புதிய வண்டிக்கு ஒரு மாதத் தவணையின் பகுதியாக இருக்கலாம். பழைய காரை ஓட்டுபவருக்கோ அது அந்த மாதத்தின் மளிகைச் செலவாக இருக்கலாம்.

பள்ளிவாசல் வாசலில் நிறுத்தியிருந்த வண்டியை இடித்துவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்பதால் நகர்ந்துவிடுபவர்களைப் பற்றி என்ன சொல்வது? தொழுகையோடும் நோன்போடும் ஸகாத்தோடும் மறுமைக்கு வந்து, பிறரைத் திட்டியதாலும் பிறர் பொருளை உண்டதாலும் தம் நன்மைகள் அனைத்தையும் அவர்களுக்குக் கொடுத்துத் தீர்த்து நிற்பவனே உண்மையான திவாலானவன் என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கியிருக்கிறார்கள். முஸ்லிம் நூலில் வரும் இச்செய்தியை நாம் ஜும்ஆ உரைகளில் அடிக்கடி கேட்கிறோம். அதைக் கேட்டுவிட்டு வெளியே வந்த பத்து நிமிடத்தில் அதற்கு உதாரணமாகிவிடும் ஆபத்து வண்டி நிறுத்துமிடத்தில் காத்திருக்கிறது. ஒரு துண்டுத் தாளில் கைபேசி எண்ணை எழுதித் துடைப்பானின் கீழ் செருகிவிட்டுச் செல்வதற்கு ஒரு நிமிடம் போதும்.

உடனே பணம் இல்லாதவர் அவகாசம் கேட்கலாம். சிரமத்தில் இருப்பவருக்கு வசதி வரும்வரை அவகாசம் அளிக்கும்படி குர்ஆன் (2:280) கூறுகிறது. தவணை கேட்பதில் இழிவு இல்லை. தொலைபேசியை எடுக்காமல் இருப்பதில்தான் இழிவு இருக்கிறது.

பின்னால் வந்தவர் மீதே எப்போதும் முழுத் தவறும் இருக்கும் என்று சொல்ல இயலாது. முன்னால் செல்லும் வண்டிக்குப் போதிய இடைவெளி விட்டு ஓட்ட வேண்டும் என்பது சாலை விதி. ஆகவே பெரும்பாலும் பொறுப்பு பின்னால் வந்தவருடையதே. ஆனால் முன்னே நின்ற பழைய காரின் பிரேக் விளக்கு பல மாதங்களாக எரியாமல் இருந்திருந்தால், அதன் உரிமையாளரும் தம் பங்கை ஒப்புக்கொள்ள வேண்டும். நமக்கே பாதகமாக இருப்பினும் நீதிக்குச் சாட்சி சொல்ல வேண்டும் என்பது குர்ஆனின் (4:135) கட்டளை.

இடிபட்டவரின் எல்லை

இனி மறுபக்கம். இடி வாங்கியவர் என்பதால் மட்டும் ஒருவர் சொல்வதெல்லாம் நியாயமாகிவிடாது.

ஒரு கூட்டத்தாரின் ஆடுகள் இரவில் வேறொருவரின் விளைநிலத்தில் புகுந்து மேய்ந்த வழக்கில் தாவூத் (அலை), சுலைமான் (அலை) இருவரும் தீர்ப்பளித்ததைக் குர்ஆன் (21:78-79) குறிப்பிடுகிறது. அதன் விவரத்தைத் தஃப்ஸீர் நூல்கள் இவ்வாறு கூறுகின்றன. ஆடுகளை நிலத்துக்காரரிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்பது தாவூத் நபியின் முதல் தீர்ப்பு. சுலைமான் நபியோ வேறொன்று கூறினார்கள்: நிலம் ஆட்டுக்காரரிடம் செல்லட்டும், அவர் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும்வரை உழைக்கட்டும். அதுவரை ஆடுகளின் பயனை நிலத்துக்காரர் அனுபவிக்கட்டும். நிலம் முன்பிருந்த நிலையை அடைந்ததும் அவரவர் உடைமை அவரவரிடம் திரும்பட்டும். அவ்விளக்கத்தைச் சுலைமானுக்கு நாமே புரியவைத்தோம் என்கிறான் இறைவன்.

முன்பிருந்த நிலைக்குத் திரும்புவதே இத்தீர்ப்பின் அளவுகோல். பதினைந்து வயதுக் காரின் உரிமையாளருக்கு உரியதும் அதுவே. உடைந்த விளக்கு எரிய வேண்டும், டிக்கி மூடித் திறக்க வேண்டும், உடல் பலமாக இருக்க வேண்டும், நிறம் ஒத்திருக்க வேண்டும். ஆனால் பின்பக்க இடியைச் சாக்காக வைத்து, ஏற்கெனவே வெயிலில் வெளிறிப்போன வண்டி முழுவதற்கும் புதிதாகப் பெயிண்ட் அடிக்கச் சொல்லிக் கேட்பதும், முன்கதவில் மூன்றாண்டுகளாக இருந்த கீறலைப் பட்டியலில் சேர்ப்பதும் பிறர் பொருளை உண்பதாகும்.

பழைய வண்டிகளுக்குப் புதிய உதிரிபாகம் கிடைப்பது நாளுக்கு நாள் அரிதாகிறது. சென்னையில் புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகள் இருப்பதற்கு அதுவே காரணம். வேறொரு வண்டியிலிருந்து கழற்றப்பட்ட, துருப்பிடிக்காத, நெளிவில்லாத டிக்கிக் கதவு ஒன்று அங்கே கிடைக்குமானால், அதை ஏற்றுக்கொள்வதில் உரிமையாளர் மரியாதைக் குறைவு எதையும் காண வேண்டியதில்லை. அழிந்த பொருளுக்கு ஒத்த பொருள், அது இல்லையேல் அதன் மதிப்பு என்பது ஃபிக்ஹு நூல்களில் பரவலாகக் காணும் நெறி. பழைய கதவுக்கு நல்ல பழைய கதவு ஒத்த பொருளே. எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தெரியாத, திருட்டு வண்டியிலிருந்து கழற்றப்பட்டதோ என்ற ஐயம் எழுகிற பாகத்தை மட்டும் தவிர்த்துவிட வேண்டும்.

அடுத்தது காப்பீடு. காப்பீட்டைப் பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. மூன்றாம் தரப்புக் காப்பீட்டை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பதால் அதை எடுக்காமல் இங்கே வண்டி ஓட்ட இயலாது. விரிவான காப்பீட்டை எடுப்பதா வேண்டாமா என்பதை அவரவர் தாம் நம்பும் ஆலிமிடம் கேட்டு முடிவு செய்யட்டும். ஆனால் ஒன்றில் எந்த அறிஞருக்கும் கருத்து வேறுபாடு இல்லை: பொய் சொல்லிப் பணம் பெறுவது ஹராம்.

இங்கே பொய்க்கான ஆசை எங்கிருந்து பிறக்கிறது என்பதை அறிந்துகொள்வது நல்லது. வழக்கமான காப்பீட்டில், ஐந்து முதல் பத்து வயதான வண்டியின் உலோகப் பாகங்களுக்கு 40 விழுக்காடும், பத்து வயதைக் கடந்தால் 50 விழுக்காடும் தேய்மானமாகக் கழிக்கிறார்கள். பம்பர் போன்ற பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு வயது எதுவாயினும் 50 விழுக்காடு கழிவு உண்டு. பழுதுபார்க்கும் செலவு வண்டிக்குக் குறித்த மதிப்பில் 75 விழுக்காட்டைத் தாண்டினால் வண்டியையே முழு இழப்பாகக் கணக்கிடுகிறார்கள். பழைய வண்டியின் மதிப்போ மிகக் குறைவு. ஆகவே நியாயமாகக் கேட்டால் கையிலிருந்து பாதி போட வேண்டியிருக்கிறது. அந்தப் பாதியை ஈடுகட்டத்தான் மதிப்பீட்டுத் தாளில் எண்கள் வீங்குகின்றன, மாற்றாத பாகம் மாற்றியதாக எழுதப்படுகிறது, ஓட்டாதவர் ஓட்டியதாகக் கையெழுத்திடுகிறார். 'கம்பெனிப் பணம்தானே' என்கிறார்கள். கம்பெனியின் பணம் என்பதால் பொய் வேறு பெயர் பெறுவதில்லை. பட்டறை, உரிமையாளர் இருவரும் சேர்ந்து எழுதும் பொய்யில் பாவம் பாதியாகப் பிரிந்துவிடுவதும் இல்லை.

பட்டறையின் அமானிதம்

நம் சமுதாயத்தில் டிங்கரிங், பெயிண்டிங், வெல்டிங் தொழில்களை நம்பி வாழும் குடும்பங்கள் ஏராளம். ஆகவே இந்தப் பகுதியை நாம் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறோம். ஒரு செயலைச் செய்பவர் அதைச் செம்மையாகச் செய்வதை அல்லாஹ் விரும்புகிறான் என்ற நபிமொழியின் பொருளை விளக்க இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

கார்களில் பெரும்பாலானவற்றுக்கு லாரியைப் போலத் தனிச் சட்டகம் கிடையாது. தகடுகளை வளைத்து ஒட்டிய உடலே சட்டகமாகவும் இருக்கிறது. பின்னால் இடி விழும்போது பம்பர் உடைவது கண்ணுக்குத் தெரியும். அதன் பின்னுள்ள தகடும், ஸ்டெப்னி வைக்கும் குழியும், தரைக்கு அடியில் இருபுறமும் ஓடும் தாங்கிகளும் மடங்கியிருப்பது வெளியே தெரிவதில்லை. ஒழுங்கான வேலை பம்பரைக் கழற்றி, டிக்கிக்குள் இருக்கும் விரிப்பை எடுத்து, வண்டியைத் தூக்கி அடியில் பார்ப்பதில் தொடங்குகிறது. மூலைக்கு மூலை குறுக்காக அளந்து இரு அளவுகளும் சமமா என்று பார்க்க வேண்டும். டிக்கிக் கதவின் இருபுற இடைவெளிகளும் ஒன்றாக இருக்கின்றனவா என்று நோக்க வேண்டும். கோணல் இருக்குமானால் இடி வந்த திசைக்கு எதிர்த்திசையில் மெல்ல இழுத்து நேராக்க வேண்டும். அதற்குப் பிறகே சுத்தியலும் டாலியும் பிடித்துத் தகட்டைத் தட்டிச் சமப்படுத்துவது.

அவசரத்தில் செய்யப்படும் வேலையோ நேரே பட்டியில் தொடங்குகிறது. பள்ளத்தைத் தட்டி எடுப்பதற்கு நாள் பிடிக்கும். பட்டி போட்டு நிரப்ப ஒரு மணி நேரம் போதும். பட்டி என்பது தட்டி முடித்த தகட்டின் மேல் எஞ்சிய சிறு மேடுபள்ளங்களை நிரப்புவதற்கானது. ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டருக்குள் அது அடங்க வேண்டும். விரல் தடிமனுக்கு அப்பப்பட்ட பட்டி சில மழைக்காலங்களுக்குள் வெடிக்கும், உதிரும். உள்ளே புகுந்த நீர் அதற்குள் தகட்டைத் தின்றிருக்கும். துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுக்காமல் அதன்மேலேயே புதுத் தகட்டை வைத்துப் பற்றவைப்பதும் இத்தகையதே. இரு தகடுகளுக்கும் இடையே துரு தன் வேலையை அமைதியாகச் செய்துகொண்டிருக்கும். பற்றவைத்த இடத்தின் உட்புறத்துக்கும் துருத்தடுப்புப் பூச்சு தேவை. வெளியே பளபளக்கும் பெயிண்ட் உள்ளே எதையும் காப்பதில்லை.

இது அழகு பற்றிய பேச்சு மட்டுமன்று. பல கார்களில் எரிபொருள் தொட்டி பின் இருக்கைக்கு அடியிலோ அதன் அருகிலோ இருக்கிறது. தொட்டியையும் அதன் குழாய்களையும் கழற்றாமல், பேட்டரி இணைப்பைத் துண்டிக்காமல், அதன் பக்கத்தில் நெருப்பைப் பிடிப்பது பட்டறையில் வேலை செய்யும் பையனின் உயிரோடு விளையாடுவதாகும். எரிவாயு உருளை டிக்கியில் பொருத்தப்பட்ட வண்டியானால், இடிக்குப் பின் உருளையையும் அதன் பிடிப்புகளையும் உரிய தகுதியுள்ளவர் சோதித்தே ஆக வேண்டும்.

பலர் நினைத்துப் பார்க்காத ஆபத்து ஒன்றும் உண்டு. ஓடும் வண்டியின் பின்புறம் காற்றழுத்தம் குறைந்திருக்கும். புகைக்குழாயிலிருந்து வெளிவரும் புகை அங்கேயே சுழலும். டிக்கியின் ரப்பர் பீடிங் சரியாக உட்காரவில்லை என்றாலோ, பற்றவைத்த இணைப்பில் சந்து விடப்பட்டிருந்தாலோ அந்தப் புகை உள்ளே இழுக்கப்படும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நெடும்பயணத்தில் பின் இருக்கையில் தூங்கும் பிள்ளைகள் தூங்குகிறார்கள் என்றே நாம் நினைத்துக்கொண்டிருப்போம். வேலை முடிந்ததும் டிக்கியை மூடி, வெளியே குழாய் நீரைப் பீய்ச்சி, உள்ளே ஒருவர் விளக்கோடு இருந்து எங்கேனும் நீர் கசிகிறதா என்று பார்ப்பதற்குச் செலவு எதுவும் இல்லை. நீர் கசியும் சந்தில் புகையும் நுழையும்.

விளக்குகளும் அவ்வாறே. பின்விளக்கின் எர்த் கம்பி பொருந்தும் இடத்தில் பெயிண்ட் படிந்துவிட்டால் விளக்கு மங்கும், அல்லது பிரேக்கை மிதிக்கும்போது இண்டிகேட்டர் கண் சிமிட்டும். பின்பக்க இடியைச் சரிசெய்து அனுப்பிய வண்டி, பிரேக் விளக்கு எரியாததால் அடுத்த இடியை வாங்குவது எத்தகைய வேலை!

பட்டறைக்காரர்கள் இதற்குச் சொல்லும் பதிலை நாம் அலட்சியப்படுத்தவில்லை. 'நல்ல வேலைக்குப் பத்தாயிரம் கேட்டால் மூவாயிரத்துக்கு முடித்துத் தா என்கிறார்கள். மூவாயிரத்துக்கு எதைச் செய்வது?' என்பது அவர்களின் கேள்வி. அதில் உண்மை இருக்கிறது. வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுத்துவிடும்படி பணித்த நபியின் உம்மத்தார், டிங்கரிங் தொழிலாளியிடம் மாத்திரம் பாதி கொடுத்து மீதியை 'அடுத்த வாரம்' என்கிறோம். பட்டியைத் தேய்க்கும்போது பறக்கும் தூசியையும், பெயிண்டில் கலக்கும் ஹார்டனரிலிருந்து எழும் ஐசோசயனேட் ஆவியையும் முகக்கவசம் இல்லாமல் நாள்தோறும் சுவாசிப்பவர்கள் அவர்கள். அந்த ஆவி ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. அவர்களின் நுரையீரலும் நம் பேரத்தில் கணக்கிடப்பட வேண்டும். எனினும் குறைந்த கூலிக்குக் குறைந்த வேலையைச் செய்பவர், 'இவ்வளவுதான் செய்திருக்கிறேன், உள்ளே இது இன்னும் பாக்கி இருக்கிறது' என்று சொல்லிவிட்டால் அவர் மோசடி செய்தவராகமாட்டார். சொல்லாமல் மூடுவதே அமானித மோசடி.

விற்கும் நாள்

சந்தையில் தானியக் குவியல் ஒன்றினுள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், மோசடி செய்பவர் தம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் இச்செய்தி முஸ்லிம் நூலில் உள்ளது.

மழை பெய்தது அந்த வியாபாரியின் குற்றமன்று. அவ்வாறே பின்னாலிருந்து ஒருவர் வந்து மோதியது உங்கள் குற்றமன்று. காய்ந்த தானியத்தை மேலே பரப்பியதே அங்கே குற்றமாயிற்று. புதுப் பெயிண்டை மேலே பரப்பிவிட்டு, 'ஒரு கீறல்கூட விழாத வண்டி, ஒரே ஓனர்' என்று விற்பது இங்கே குற்றமாகிறது. வாங்குபவர்களில் விவரம் தெரிந்தவர் சிறு காந்தத்தை எடுத்து வந்து உடலில் ஒட்டிப் பார்க்கிறார். தகட்டில் ஒட்டும் காந்தம் தடித்த பட்டியின்மேல் நழுவி விழுகிறது. அந்தக் காந்தம் நபியவர்களின் விரல் செய்த வேலையையே செய்கிறது. காந்தம் கொண்டுவராத அப்பாவியிடம் உண்மையைச் சொல்ல வேண்டியவர் விற்பவர்.

குறையைத் தெளிவுபடுத்தாமல் ஒரு முஸ்லிம் தம் சகோதரருக்குப் பொருளை விற்பது ஆகுமானதன்று என்ற கருத்தில் உக்பா பின் ஆமிர் (ரலி) வழியாக இப்னு மாஜாவில் நபிமொழி பதிவாகியுள்ளது. குறையை மறைத்து விற்கப்பட்ட பொருளைத் திருப்பித் தரும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்பதும் ஃபிக்ஹின் தெளிவான சட்டம். இவற்றைக் கேட்ட எவரும் மறுப்பதில்லை. 'உண்மையைச் சொன்னால் இருபதாயிரம் குறைத்துக் கேட்பார்களே' என்பதே உள்ளே இருக்கும் தயக்கம்.

ஆம், குறைத்துக் கேட்பார்கள். அந்த வண்டியின் உண்மையான விலை அந்தக் குறைந்த விலையே. மறைத்துப் பெறும் இருபதாயிரம் உங்கள் வண்டியின் விலையில் சேராது. அது வாங்குபவரின் அறியாமைக்கு நீங்கள் வசூலித்த வரி. வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசிக் குறையைத் தெளிவுபடுத்தினால் அவ்வியாபாரத்தில் பரக்கத் உண்டாகும் என்றும், மறைத்துப் பொய் பேசினால் அந்தப் பரக்கத் அழிக்கப்படும் என்றும் ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் சொல்கிறது. துணி வணிகரான இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களின் பங்காளி, குறையுள்ள ஆடை ஒன்றைக் குறையைச் சொல்ல மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யார் என்றும் தெரியவில்லை. கிடைத்த தொகை முழுவதையும் இமாம் தர்மம் செய்துவிட்டார்கள் என்று அவர்களின் வாழ்க்கை வரலாற்றில் படிக்கிறோம். மறதியால் நேர்ந்ததற்கே அவர்கள் காட்டிய பேணுதல் அது. நாம் திட்டமிட்டு மறைக்கிறோம்.

நாம் முன்வைக்கும் வழி

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. வண்டி பட்டறைக்குள் நுழையும்போது ஒரு படம், பம்பரைக் கழற்றிய பின் ஒரு படம், பட்டி போடுவதற்கு முன் வெறும் தகடு தெரிய ஒரு படம் எடுத்துவையுங்கள். கைபேசி எல்லோரிடமும் இருக்கிறது. செலவில் பங்கேற்பவர் இடித்தவராயினும் காப்பீட்டு நிறுவனமாயினும் அவருக்கு அப்படங்களைக் காட்டுங்கள். செய்த வேலை, மாற்றிய பாகம், செலவான தொகை மூன்றையும் எழுதிய பில்லை வண்டியின் ஆவணங்களோடு வைத்திருங்கள். விற்கும்போது அதையும் சேர்த்துக் கொடுங்கள். நன்றாகச் செய்த பழுதுவேலைக்கான சான்று வாங்குபவருக்கு நம்பிக்கை தரும் என்பதால், உண்மை பேசுபவர் எப்போதும் நட்டப்படுவார் என்று எண்ண வேண்டியதில்லை. பட்டறை நடத்தும் சகோதரர்கள், பட்டி போடுவதற்கு முன் உரிமையாளரை வரவழைத்துத் தகட்டைக் காட்டுவதை வழக்கமாக்கிக்கொண்டால், அதுவே அவர்களின் கடைக்கு நல்ல விளம்பரம்.

தாங்கிகள் மடங்கி, அடித்தளம் துருவேறி, நேர்மையாகச் சரிசெய்ய வண்டியின் மதிப்பைவிட அதிகம் செலவாகும் என்ற நிலை வந்தால், அவ்வண்டியை விட்டுவிடுவதே முறை. பேணுதல் வேறு, பிடிவாதம் வேறு. தனியார் கார்களின் பதிவு 15 ஆண்டுகளில் முடிந்து, அதன் பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை சோதனைக்குப் பின்னரே புதுப்பிக்கப்படுகிறது. அந்தச் சோதனையின் நோக்கத்தை மதித்து வண்டியை உண்மையாகவே தகுதியாக்கிக் கொண்டுசெல்வதும் நம் பொறுப்பு. தகுதியற்றதைத் தகுதியானதாகக் காட்டித் தேற்றிவிடுவதால் சாலையில் பாதுகாப்பு கூடிவிடாது.

ஜமாஅத் நிர்வாகிகளிடமும் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். இத்தகைய வழக்குகள் உங்களிடம் வரும்போது, 'விட்டுக்கொடுங்கள்' என்ற சொல்லோடு தொடங்காதீர்கள். முதலில் இழப்பு எவ்வளவு என்று நம்பகமான பட்டறைக்காரர் ஒருவரைக் கொண்டு மதிப்பிடுங்கள். இடித்தவர் தம் பொறுப்பை ஏற்கட்டும். அதன் பின் இழந்தவர் தாமாக முன்வந்து விட்டுக்கொடுத்தால் அந்த நன்மை அவருக்கு. வாகனம் ஓட்டும் இளைஞர்களுக்கு ஜும்ஆ உரையில் இழப்பீட்டின் சட்டங்களைச் சொல்லிக்கொடுங்கள். ஒளூவின் சட்டம் அறிந்த நம் பிள்ளைகளுக்கு, பிறர் பொருளைச் சேதப்படுத்தினால் என்ன செய்ய வேண்டும் என்ற சட்டமும் தெரிந்திருக்க வேண்டும்.

நம் வண்டிகளின் பெயிண்டுக்கு அடியில் இருப்பதை அறிந்தவன், நம் உள்ளங்களுக்குள் இருப்பதையும் அறிந்தவன். வெளியும் உள்ளும் ஒன்றாக இருக்கும் வாழ்வையும், ஹலாலான பொருளையும், பாதுகாப்பான பயணங்களையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.